எழவில்லை

குன்னத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தவிர எல்லாம் இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம், அதன் நெற்றியில் பலகை, உள்ளே டாக்டருக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் வெள்ளைத் துண்டுகூட விரித்து வைத்திருந்தார்கள். காய்ச்சலோ கழிச்சலோ, எதைச் சொன்னாலும் கம்பவுண்டர் ஒரே ஜாடியிலிருந்து சிவப்புத் தண்ணியை ஊற்றிக் கொடுப்பார். பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில்தான் என் அப்பாவுக்குக் கிளார்க் வேலை. டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் எழுதுவதற்கு என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். அப்பாவுக்குத் தலை நிமிர நேரமில்லாத அளவுக்கு இருந்தது.

'டாக்டர் இல்லை' என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இல்லன்னு யாரு சொன்னது? பொறுப்பு டாக்டர் இருக்காருல்ல" என்பார். பொறுப்பு டாக்டர் என்பவர் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியின் டாக்டர். செவ்வாய்க்கிழமை தோறும் ஜீப்பில் வருவார். துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா நீட்டுகிற ரிஜிஸ்டர்களிலெல்லாம் கையெழுத்துப் போடுவார். கை வலித்த பிறகு ஒரு பத்துப் பேரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் தம் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் நோயைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிப் பழகியிருந்தார்கள். என் சித்திக்குத் தலைப்பிரசவ வலி புதன்கிழமை எடுத்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் ஊரிலேயே பின் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்று முழுக்க மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, சித்தியைப் படுக்க வைத்து, அரியலூருக்கு ஓட்டினார்கள். பாதி வழியில் ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, தன் பருத்திக் கொல்லையின் ஓரத்தில் அவரே குழி வெட்டிப் புதைத்தார்.

பச்சைப் பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் எழவு கிடையாது. பறையடிப்பதில்லை, பங்காளிகளுக்குச் சொல்லி அனுப்புவதில்லை, வாசலில் யாரும் கூடி உட்காருவதில்லை. மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் இரண்டு பேரைக்கூட, "இது என்னா எழவு வூடா? எந்திரிச்சுப் போங்க" என்று பெரியவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் திரும்புவதற்குள் சித்தி பழையபடி கொல்லைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

மறு வருஷம் சித்தி மறுபடியும் உண்டானாள். தை மாதம் என்று கணக்குச் சொன்னார்கள். தைக்குள் ஊருக்கு ஒரு டாக்டர் வந்தாக வேண்டும் என்று சித்தப்பா கிளம்பினார். அதுவரை நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத மனிதர். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். "பொறுப்பு டாக்டர்" என்று அப்பா ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார். யூனியன் ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தார். கடைசியில் ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன எம்.எல்.ஏ.வை வழிமறித்து விஷயத்தைச் சொன்னார். அவர் எதிர்க்கட்சிக்காரர். முழுதாகக் கேட்டுக்கொண்டு, "சட்டசபையில கேக்கறேன்" என்று ஈரக்கையால் சித்தப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டாக்டர் ஜீப்பில் ஏறிவிட்டார் என்பதுபோல சித்தப்பா வீடு திரும்பினார்.

எம்.எல்.ஏ.வைக் குறை சொல்ல மாட்டேன். கேட்கிறேன் என்றார், கேட்டார். டாக்டரைப் போட வைக்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. இந்த வித்தியாசம்தான் எங்கள் ஊரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சட்டசபையில் கேட்ட கேள்விக்கு மந்திரி யோசித்துப் பதில் சொல்வார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. கேள்வி சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும். திருச்சியிலிருந்து பொறுப்பு டாக்டரிடம் வரும். பொறுப்பு டாக்டரிடமிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சைக்கிளில் ஒரு ஆள் மூலமாக, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. மேலே 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நாளைக் காலை திருச்சியில் பதில் இருக்க வேண்டுமாம். டாக்டர் இல்லாத மூன்று வருஷத்தில் பிரசவத்துக்கு வராத அவசரம் காகிதத்துக்கு வந்துவிட்டது.

அப்பா கையைக் கழுவிவிட்டு, கார்பன் தாள் வைத்து எழுத உட்கார்ந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் ஆபீஸ் தமிழ் என்றால் எனக்கு உயிர். 'மேற்படி', 'பார்வையில் காணும்', 'பணிந்து அனுப்பப்படுகிறது' எல்லாம் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். கேள்வி மூன்று பிரிவாக இருந்தது. (அ) மேற்படி ஊரின் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்பது உண்மையா? (ஆ) ஆம் எனில், அதனால் சென்ற ஆண்டு பிரசவத்தின்போது ஒரு குழந்தை இறந்தது அரசுக்குத் தெரியுமா? (இ) எப்போது டாக்டர் நியமிக்கப்படுவார்?

அப்பா முதலில் (அ) என்று போட்டு 'ஆம்' என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கிழித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுத் தாளில் '(அ) இல்லை. (ஆ), (இ) எழவில்லை' என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார். மொத்தப் பதிலும் இரண்டே வார்த்தை.

"எழவில்லன்னா என்னாப்பா?" என்று கேட்டேன்.

"மொத கேள்விக்கு இல்லன்னு சொல்லிட்டம்னா, மத்த கேள்வியெல்லாம் எந்திரிச்சு நிக்காது. அப்படியே உக்காந்துக்கும்" என்றார். சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறிப்போன இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. கேள்விகளை உட்கார வைக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் பயன்படுத்தினேன். "கணக்கு நோட்டு கொண்டு வரலியா?" என்றார் வாத்தியார். "இல்லை சார்" என்றேன். "ஏன் கொண்டு வரல?" என்றார். "அந்தக் கேள்வி எழவில்லை சார்" என்றேன். கேள்வி எழவில்லை, பிரம்பு எழுந்தது.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் சித்தப்பா பேருக்கு எம்.எல்.ஏ.விடமிருந்து கவர் வந்தது. அன்று சித்தி வீட்டு வாசலில் வெங்காயம் குவிந்து கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தியும் நிறைந்த வயிற்றோடு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு, சித்தப்பா கவரை நீட்டினார். உள்ளே அச்சடித்த தாள். என் அப்பா எழுதிய இரண்டு வார்த்தையும் மந்திரியின் பெயருக்குக் கீழே அப்படியே இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து நின்று படித்தேன்.

"டாக்டர் இல்லை என்பது உண்மையா? இல்லை."

"கேட்டீங்களா?" என்று சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க. கவர்மெண்டே அச்சுல போட்டுட்டாங்க. இனிமே ஆள் போட்டுத்தான ஆவணும்." பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று மேலே படித்தேன். "சென்ற ஆண்டு பிரசவத்தின்போது ஒரு குழந்தை இறந்தது அரசுக்குத் தெரியுமா? எழவில்லை."

சித்தியின் கை நின்றது. "என்னான்னு போட்டுருக்கு?"

"எழவில்லை."

"எழவு இல்லியாமா?"

"அய்யோ, அது இல்ல சித்தி. எழ-வில்லை. கேள்வி எந்திரிக்கலன்னு அர்த்தம்."

"புள்ள செத்துச்சான்னு கேட்டதுக்கா எழவு இல்லன்னுருக்கான்?"

"எழவு இல்ல சித்தி, எழவில்லை" என்று ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதியே காட்டினேன். சித்தி மண்ணைப் பார்க்கவில்லை. "ஊர்லயும் எழவு இல்லன்னுட்டாங்க. இப்ப கவர்மெண்டும் எழவு இல்லங்குது" என்றாள். "அப்ப நான் பெத்தது என்னா? உங்க சித்தப்பா புதைச்சது என்னா?"

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத இவர்களோடு என்ன செய்வது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா பக்கம் திரும்பி, "சித்தப்பா, நீங்களும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. டாக்டர் இல்லங்கறது இல்ல. இருக்காருன்னு அர்த்தம்" என்றேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் பின்பக்கத்தில் இருப்பார் என்று நினைத்தாரோ என்னவோ. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதா? இத எழுதுனதே எங்க அப்பாதான். நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றேன்.

சித்தி மறுபடியும் வெங்காயத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயம் அறுத்தால் வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டு வாசலோடு நின்று, "அண்ணே, நீங்க எழுதுனதா?" என்று மட்டும் கேட்டார். "பொறுப்பு டாக்டர் இருக்கறப்ப போஸ்ட் காலி இல்ல தம்பி. கேள்வி அப்படி. நான் என்னா பண்ணுவேன்?" என்றார் அப்பா. சித்தப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம், அம்மா அப்பாவுக்குத் தட்டு வைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் அப்பா லீவு போட்டுவிட்டு அரியலூர் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையைப் பிடித்துவிட்டு வந்தார். பிரசவம் வரைக்கும் சித்தி அங்கேயே இருக்கட்டும், துணைக்கு அம்மா இருக்கட்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். தையில் சித்திக்குப் பெண் பிறந்தது. இப்போது அந்தப் பெண்ணே ஒரு பேத்தி எடுத்துவிட்டாள். எங்கள் ஊருக்கு டாக்டர் வந்தது அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு. அதற்குள் அந்த வெள்ளைத் துண்டை எத்தனை தரம் வெளுக்கப் போட்டிருப்பார்களோ.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அவர்கள் அரியலூருக்குக் கிளம்பிய நாள்தான். புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். பாய், அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாவற்றையும் அப்பாவே தூக்கி வந்திருந்தார். அவரும் சித்தியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. பொறுப்பு டாக்டரின் ஜீப் எங்களைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு நியாயமான ஒரு சந்தேகம் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

"நம்ம ஊர்லயே டாக்டர் இருக்காருன்னு எழுதியிருக்கோமே. அப்புறம் எதுக்குப்பா சித்தி அரியலூர் போவணும்?"

அப்பா அடுப்பைத் தரையில் வைத்தார். மறுபடியும் தூக்கினார். அம்மா என்னை முறைத்தாள். சித்திதான் பதில் சொன்னாள். என் தலையைத் தடவிக்கொண்டு, கண் மட்டும் அப்பா மேல் இருக்க, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அந்தக் கேள்வி எழ-வில்லை, பாப்பா."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மண்ணில் எழுதிக் காட்டித் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை. அப்பா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, வராத பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பாத்தீங்களாப்பா, சித்தி சரியாச் சொல்லிட்டாங்க" என்றேன்.