டீசல் டேங்கில் ஊற்றிய கௌரவம்

நாமக்கல் லாரிப் பேட்டைக்குப் பின்னால், பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் டீசல் பம்ப் சரிசெய்யும் கடை வைத்திருப்பவர் கண்ணுசாமி. வயது ஐம்பத்தெட்டு. மனைவி உஷாராணி, ஒரு பழைய மொபெட், கொஞ்சம் சர்க்கரை வியாதி. இவையெல்லாம் அந்தத் தெருவில் மற்றவர்களுக்கும் உண்டு. அவருக்கு மட்டுமே உரிய சொத்து, வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.

அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு டீசலை விட்டுக் கண்ணை மூடி மூன்று முறை தேய்ப்பார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "வறண்டு கெடக்குது" என்றோ, "பரவால்ல, வழுக்குது" என்றோ தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது.

அரசாங்கம் டீசலில் கந்தகத்தைக் குறைக்கச் சொன்ன பிறகு இந்தத் தீர்ப்புகளுக்கு மவுசு கூடியது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறைந்துவிடும். பம்புக்குள் உரசிக்கொள்ளும் இரும்புக்கோ டீசலை விட்டால் வேறு எண்ணெய் இல்லை. அதனால் சுத்திகரிப்பு ஆலையிலேயே ஒரு மருந்தைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். இதில் கடைசி வரியை மட்டும் கண்ணுசாமி ஏற்கவில்லை. தன்னைக் கேட்காமல் கலந்த மருந்து எப்படி வேலை செய்யும்? அதனால், மொபெட்டுக்கு ஊற்றும் டூ-டி ஆயிலைத் தன்னிடம் வந்த லாரிகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். பழைய லாரிகள் எதை ஊற்றினாலும் குடித்துவிட்டுக் கறுப்பாக ஏப்பம் விடும் ஜாதி. ஒன்றும் புகார் சொல்லவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நீதிபரிபாலனத்துக்கு நடுவில் ரஞ்சிதா வந்தாள். முட்டை ஏற்றும் ஒற்றை லாரிக்கு ஓனர். வண்டி புதிது, புகைக் கட்டுப்பாடு கடுமையான பி.எஸ். சிக்ஸ் ரகம். கையில் ஒரு நீலப் பாட்டில்.

"ஏனுங்ணா, பம்பு தேயாம இருக்க இதைக் கலக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்ணா. ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் போதுமுன்னு போட்டிருக்குது. சாம்பல் வராதுன்னும் போட்டிருக்குது."

கண்ணுசாமி தேய்த்தார். முகம் சுளித்தார்.

"தண்ணியாட்டம் இருக்குது அம்மிணி. இத ஊத்தறதுக்கு எளநி ஊத்தலாம். டூ-டி ஆயில் ஊத்து, வெண்ணெயாட்டம் வழுக்கும்."

"வெரலுக்கு வழுக்கறது வேற, இரும்புக்கு வழுக்கறது வேறயாமுங்ணா. சேலம் சர்வீஸ் சென்டர்ல நந்தகுமார் சொன்னாரு. இந்த வண்டில சைலன்சர்கிட்ட ஒரு வடிகட்டி இருக்குதாம். ஆயில் ஊத்துனா சாம்பல் போயி அடைச்சுக்குமாம்."

"அவனுக்கு என்ன வயசு?"

"இருவத்தாறு இருக்குமுங்."

"எனக்குப் பம்புல மட்டும் முப்பத்தஞ்சு."

"சரிங்ணா, வாரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரஞ்சிதா நீலப் பாட்டிலையே ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் அறிவு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது கண்ணுசாமியின் கெட்ட நேரம். "ஏனுங்ணா, பாட்டில்ல இருக்கறதப் படிச்சே முடிவு பண்ணிப்போட்டாங்க. இனி உங்க வெரலுக்கு ரிட்டயர்மெண்டுங்களா?"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ரஞ்சிதாவின் டிரைவர் மாதையன், பதினைந்து வருடமாக ஸ்டியரிங் பிடிப்பவர். டிரிப் முடிந்து வந்தால் லாரியைக் கண்ணுசாமியின் கடை ஓரமாக நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். பேட்டையில் பாதி டிரைவர்கள் அப்படித்தான். அந்தக் கொத்தில் டீசல் டேங்க் மூடியின் சாவியும் இருந்தது.

அடுத்த டிரிப் முடிந்து மாதையன் குளிக்கப் போனபோது, கண்ணுசாமி இரண்டு லிட்டர் டூ-டி ஆயிலை ரஞ்சிதாவின் டேங்கில் ஊற்றினார். தன் சொந்தச் செலவில். இதைத் துரோகம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் மனம் நொந்திருப்பார். அவர் கணக்கில் அது அறப்பணி. டேங்க் நிறையும்போதெல்லாம் பணி தொடர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ரஞ்சிதா வந்து, "நீல மருந்து அருமையா வேலை செய்யுதுங்ணா, வண்டி சத்தமே இல்லாம போவுது" என்றாள். கண்ணுசாமி புன்னகைத்தார். "எல்லாம் நல்லதுக்குத்தான் அம்மிணி." உண்மையைத் தகுந்த சபையில், அறிவும் உட்கார்ந்திருக்கும்போது வெளியிடுவதென்று முடிவு செய்திருந்தார்.

சபை ஐந்தாவது மாதம் கூடியது, தொப்பூர் கணவாயில். பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போன லாரி, ஏற்றத்தில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கைக் காட்டிவிட்டு நடைவேகத்துக்கு இறங்கியது. பின்னால் தமிழ்நாட்டின் பாதி வண்டிகள் ஹாரன் அடித்தன. முட்டையை வேறு லாரிக்கு மாற்றிவிட்டு, மாதையன் ஊர்ந்து ஊர்ந்து சேலம் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். ரஞ்சிதா பதறிப்போய் நிபுணர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சேலம் போனாள். நிபுணர், கண்ணுசாமி.

நந்தகுமார் வடிகட்டியைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே சாம்பல், விபூதித் தட்டு போல.

"டீசல்ல யாரோ ஆயில் கலந்திருக்காங்க மேடம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்குல."

ரஞ்சிதா மாதையன் பக்கம் திரும்பினாள். "டேங்க் சாவி உங்ககிட்டத்தானே இருக்குது?"

"ஆமாங்க ஓனரம்மா. குளிக்கப் போறப்ப மட்டும் கண்ணுசாமியண்ணங்கிட்டக் குடுப்பேனுங்க. அது சாமி உண்டியல்ல போட்ட மாதிரிங்க."

உண்டியல் தன் செருப்பைப் பார்த்தது.

"அப்ப டீசல வித்துப்போட்டு, அளவு கொறையாம இருக்க ஆயில ஊத்துனீங்களா?"

மாதையன் சாட்சிக்குக் கண்ணுசாமியைப் பார்த்தார். ரஞ்சிதா ஒரு டம்ளரில் டேங்க் டீசலைப் பிடித்துக் கண்ணுசாமியிடம் நீட்டினாள். "நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்ணா."

கண்ணுசாமி தேய்த்தார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? வெண்ணெய் போல வழுக்கியது. மூன்று முறைக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தார்.

"ஏதோ ஆயிலுதான் அம்மிணி."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் தீர்ப்பில் 'ஏதோ' என்ற சொல் வந்ததே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. ரஞ்சிதா மாதையனிடம் கையை நீட்டினாள். அவர் சாவிக்கொத்தைச் சட்டையில் துடைத்துக் கொடுத்துவிட்டு, கேபினிலிருந்து போர்வை, தட்டு, சாமி படம் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்துக்கொண்டார்.

நாமக்கல் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். பை மாதையன் மடியில்.

"நீங்க கூட இருந்தது நல்லதாப் போச்சுங்ணா" என்றார் மாதையன். "வேற ஆளா இருந்தா இவந்தான்னு கைய நீட்டிக் காட்டியிருப்பான். நீங்க என் பேர எடுக்கலியே. வேற ஓனரு யாராச்சும் ஆள் கேட்டாச் சொல்லுங்ணா. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

கண்ணுசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் ஊத்துனேன்" என்றார்.

பஸ்ஸில் அலறிய பாட்டுச் சத்தத்தில் மாதையனுக்குக் கேட்கவில்லை. "என்னங்ணா?"

"நாந்தான் ஊத்துனேங்கறேன்!"

அதற்கென்றே காத்திருந்ததுபோல் மல்லூர் நிறுத்தத்தில் பஸ் நின்றது, பாட்டும் நின்றது. முழு பஸ்ஸும் கேட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் துள்ளி எழுந்து சேலையின் பின்பக்கத்தைத் தடவினாள். "என்னத்தைங்க ஊத்துனீங்க? மேல பட்டுருச்சா?"

"உங்க மேல இல்லீங்க" என்றார் கண்ணுசாமி. "இவரு மேல."

மாதையன் அவரைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "எறங்குங்க" என்றார். 'அண்ணா' இல்லை.

எதிர்ப்பக்கம் போய்ச் சேலம் பஸ் ஏறினார்கள். காலி இடங்கள் நிறைய இருந்தன. மாதையன் தன் பக்கத்து இடத்தில் பையை வைத்தார். கண்ணுசாமி, அத்தனை காலி இடங்களுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலம் வரை நின்றே வந்தார். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொன்னார்.

ரஞ்சிதா இன்னும் சர்வீஸ் சென்டரில்தான் இருந்தாள். கண்ணுசாமி நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். "வண்டி நல்லாப் போவுதுன்னு நான் வந்து சொன்னப்ப சிரிச்சீங்களே, அதுக்குங்களா?" அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

லாரிக் கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தை நந்தகுமார் கம்ப்யூட்டரில் திறந்தான். என்ன ஊற்றியது, எவ்வளவு, யார். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினான். கடைசியில் ஒரு கட்டம் மிச்சம்.

"காரணம்னு கேக்குது சார். 'அறியாமை'ன்னு போட்டுக்கவா? எல்லாருக்கும் அதான் போடறது."

நல்ல பையன். கௌரவமாக வெளியேற ஒரு கதவைத் திறந்துவிட்டான். கண்ணுசாமி அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார்.

"அப்பிடிப் போடாதீங்க சாமி" என்றார். "அம்மிணி படிச்சுச் சொன்னப்பவே, இந்த வண்டிக்கு ஆயில் ஆகாதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாஞ் சொன்னதக் கேக்கலைங்கறதுக்காக ஊத்துனேன். அதையே போடுங்க."

ரஞ்சிதா சாவிக்கொத்தை மாதையனிடம் நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை.

"பதனஞ்சு வருஷத்துல ஒரு சொட்டு வித்ததில்லீங்க ஓனரம்மா."

"தப்புத்தானுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்து. "விசாரிச்சுப்போட்டுப் பேசியிருக்கோணும்." பிறகுதான் வாங்கினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று நந்தகுமார் தாளை நீட்டினான். கண்ணுசாமி சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளை மாதையனிடம் கொடுத்தார்.

மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற டிரைவர்களுக்கும் கேட்கும்படி, எழுத்து எழுத்தாகப் படித்தார். "காரணம். நான் சொன்னதைக் கேட்காததால் ஊற்றினேன். கண்ணுசாமி, டீசல் பம்ப் மெக்கானிக், நாமக்கல்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொருக்காப் படிக்கட்டுங்களா?"

"படி" என்றார் கண்ணுசாமி.