குழிக்குப் பதினோரு அடி முன்னால்

எங்கள் ஆம்புலன்ஸ் கொட்டகையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மெத்தை. ஆள் ஒட்டடைக் குச்சிபோல இருப்பார், உடம்பை வைத்து வந்த பெயர் இல்லை. அவர் வண்டியில் படுத்து வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போகும்போது, "மெத்தையில வெச்சுக் கொண்டாந்த மாதிரி இருந்துச்சுப்பா" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓட்டினார்.

நான் அங்கே வண்டி கழுவுகிறவள். ஓட்டுகிறவரின் குணம் தெரிய அவரோடு போகவேண்டியதில்லை, பின்கதவைத் திறந்து தரையைப் பார்த்தால் போதும். சிலர் வண்டியில் பஞ்சும் மருந்தும் மூலைக்கு மூலை இறைந்து கிடக்கும். மெத்தை வண்டியில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். அவர் வண்டி வந்தால் எனக்கு ஒரு வாளித் தண்ணீர் மிச்சம்.

அவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு நீளம். மத்தியானம் சாப்பிட்டதும் கொட்டகைக்குப் பின்னாலுள்ள சிமெண்ட் முற்றத்தில் அதை ஓட்டுவார். சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்ப்பாள்.

"அக்கா, எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா பாருங்க, நாலு சக்கரத்தோட."

"சண்டை போட மாட்டா இல்ல?"

"சண்டையா? வாயே இல்ல. அதான் இந்த மனுஷனுக்கு அவ மேல அவ்வளவு பாசம்!"

மெத்தை சிரித்துக்கொண்டே லாரியை அவள் காலைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்க விடுவார். அப்படித்தான் இருந்தார்கள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் நெஞ்சுவலி என்று ஓர் அம்மாவை ஏற்றினார்கள். ஏறக்குறைய என் வயசு. கூட வர வீட்டில் ஆள் இல்லை. மெத்தை ஓட்டினார், பின்னால் நர்ஸ் தங்கச்சி இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முன் ஒரு நேர்ச்சாலை வரும். அதில் தண்ணீர் மூடிக் கிடந்த குழியொன்றில் வண்டியின் பின்சக்கரம் இறங்கி ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். கொக்கியில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில் கூரையில் முட்டித் திரும்பியது. நர்ஸ் தங்கச்சி ஒரு பக்கமாக விழுந்திருந்தாள். அவள் எழுந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி இல்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இவர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அந்தக் குழியில விழுந்ததாலதான் போனாங்களா? இல்ல, அதுக்கு முன்னாடியே போயிட்டாங்களா?"

"கடவுளுக்குத்தான்பா தெரியும்."

"அவர்கிட்ட நான் எப்படிப் போய்க் கேக்கறது?"

நர்ஸ் தங்கச்சியைக் கேட்டார். அவளும் அழுதாள். மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன், எந்த நேரம் என்று தெரியாது அண்ணே என்றாள். அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டவர்தான், மெத்தை அதை மறுபடி தொடவில்லை. மேலதிகாரி நல்ல மனிதர், கொஞ்ச நாள் டயர் வேலை பார்க்கட்டும் என்று கொட்டகையிலேயே விட்டுவைத்தார்.

அப்போதுதான் மெத்தை அந்தப் பொம்மை லாரியைக் கழற்றினார். அதன் பழைய ஷாக் அப்சார்பர்கள் பிளாஸ்டிக், உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான். பள்ளத்தில் விழுந்தால் தவளை மாதிரி குதிக்கும். பேட்டரி என்று நாங்கள் கூப்பிடும் பொம்மைக்கடைக்காரரிடம் போய், எண்ணெய் ஊற்றுகிற அலுமினிய ஷாக்குகள் நாலு வாங்கி வந்தார். எங்கள் ஆம்புலன்ஸ் எப்படிக் குழியில் இறங்கி ஏறுமோ, அச்சு அசலாக இந்த லாரியும் அப்படியே இறங்கி ஏற வேண்டும். அப்புறம் அதே சாலையைச் சின்னதாகப் போட்டு, அதே குழியில் விட்டுப் பார்க்க வேண்டும். அடி எவ்வளவு என்று கண்ணால் பார்த்தால் மனசுக்கு ஒரு பதில் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் தூக்கமில்லாத மனுஷன் ஒரு வேலையில் கை வைக்கிறாரே என்று பேசாமல் இருந்தேன்.

விரல் நீளக் குழாயில் எண்ணெய் ஊற்றி, கம்பியை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் காற்றுக் குமிழிகள் ஏறி வரும். ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை நிறுத்திவைத்துத்தான் மூட வேண்டும், காற்று இருந்தால் ஷாக் பொய் சொல்லும் என்பார். எண்ணெய் தண்ணியாக இருந்தால் வண்டி ஆடும், கெட்டியாக இருந்தால் கட்டைபோல விறைக்கும். லாரியை ஒரு முழ உயரத்திலிருந்து கீழே விடுவார், அது எப்படி உட்காருகிறது என்று பார்ப்பார், பிறகு எண்ணெயை மாற்றுவார். நானும் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். நிஜ வண்டியின் பின்புறத்தை இடுப்பால் அழுத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி, பாதி தாழ்ந்து, நிற்கும். பத்து நாளில் பொம்மையும் அப்படியே நின்றது.

அந்த அம்மாவின் எடை அறுபது கிலோ இருக்கும். பத்தில் ஒரு பங்கு வண்டி, ஆகவே ஆறு கிலோ என்று மணல் மூட்டை கட்டி லாரியில் ஏற்றினார். லாரி நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் படுத்துவிட்டது. கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த பேட்டரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"யானையை ஏத்திட்டீங்களே அண்ணே! நீளம் பத்துல ஒண்ணுன்னா, அகலமும் பத்துல ஒண்ணு, உயரமும் பத்துல ஒண்ணு. மூணையும் பெருக்குங்க. எடை ஆயிரத்துல ஒண்ணு. அறுபது கிராம் போதும்."

அறுபது கிராம் மணல் ஒரு கைப்பிடிகூட வராது. அதைத் துணியில் முடிந்து, ஆள் படுத்த மாதிரி நீளமாகத் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது என் விரல் ஏனோ சில்லிட்டது. மணல்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

முற்றத்தில் பழைய தடுப்புப் பலகைகளை வரிசையாக அடுக்கிச் சாலை போட்டார். கடைசியில் ஓர் இடைவெளி, அதுதான் குழி. கண்சொட்டு மருந்துப் புட்டியொன்றை நூலில் கட்டி, பாட்டில்போல உள்ளே தொங்கவிட்டார். நல்ல வெயில். நிழலெல்லாம் காலடியில் சுருண்டு கிடந்தது. லாரி புறப்பட்டது.

குழியில் எப்படி விழும் என்றுதான் நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்பே, வழவழவென்ற பலகையில், லாரியின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. பிறகு மெதுவாக எழும்பியது. படுத்திருந்தவர் எழுந்து, ஓரத்தில் உட்கார்ந்து, காலைக் கீழே வைத்து இறங்கினால் கட்டில் எப்படி அமுங்கி எழும்புமோ, அப்படி. புட்டி அசையவே இல்லை.

"பலகை மூட்டு" என்றார் பேட்டரி.

மூட்டு அங்கே இல்லை. மெத்தை டேப் வைத்து அளந்தார். குழிக்குப் பதினோரு அடி முன்னால்.

மறுபடி விட்டார். அதே இடம். பேட்டரி ஷாக்கைக் கழற்றி ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றினார், சில சமயம் வளையம் கம்பியில் ஒட்டிக்கொண்டு விடும் என்றார். அதே இடம். பலகைகளைச் சீட்டுக்கட்டுப்போலக் கலைத்து, முற்றத்தின் மறுபக்கம் திசை மாற்றி அடுக்கினோம். குழியும் அங்கே போயிற்று. அளந்தால் அதற்குப் பதினோரு அடி முன்னால் வண்டி தாழ்ந்து எழும்பியது.

மணல் முடிச்சை எடுத்துவிட்டு ஓட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பலகை முழுக்கச் சீராக ஓடியது.

முடிச்சை வைத்து ஓட்டினார். தாழ்ந்தது.

பேட்டரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, எனக்குக் கடையில ஆள் வந்திருக்கும்" என்றார், ஆனாலும் போகவில்லை.

மெத்தை டூட்டி அட்டைகள் கொஞ்சம் எடுத்துவந்தார். லாரியின் பின்பக்கத்துக்கும் பலகைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கிச் செருகினார். புறப்படும் இடத்தில் பதினாலு அட்டை நுழைந்தது, பதினைந்தாவது முட்டியது. அந்த இடத்தைத் தாண்டியதும் நிறுத்தி மறுபடி செருகினார். பதினைந்து தாராளமாக நுழைந்தது.

"லேசாயிடுச்சு" என்றார்.

பேட்டரி முடிச்சை எடுத்து, முன்பு மணலை எடைபார்த்த தராசில் வைத்தார். அறுபது கிராம். மணல் ஒன்றும் சிந்தவில்லை. மூவரும் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோய், ஆண்டவனே ஆண்டவனே என்று மட்டும்தான் வந்தது.

பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மெத்தையின் தோளைத் தொட்டேன்.

"தம்பி, கேட்டியே, பதில் வந்துடுச்சு பாரு. குழியில இல்லப்பா. அதுக்கு முன்னாடியே அந்தம்மா எறங்கிப் போயாச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் முகம் தெளியும் என்று பார்த்தேன். வெளுத்துப் போயிற்று.

"எறங்கினவங்க எங்கக்கா போயிருப்பாங்க?"

"சேர வேண்டிய இடத்துக்கு."

"ஏத்தறப்போ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'எனக்கு இந்தப் பக்கம் வழி தெரியாதுப்பா, கொண்டுபோய்ச் சேத்துடு'ன்னாங்க. சேத்துடறேம்மான்னேன். இப்போ நடுரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேனே அக்கா. உடம்பை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்."

அதற்கு அவர் மனைவிதான் சொன்னாள். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எப்போது வந்து நின்றாளோ தெரியாது.

"அதான் தெரிஞ்சு போச்சில்ல, இன்னும் எதுக்கு இங்க குந்திக்கிட்டு? போய்க் கூட்டிட்டு வாங்க. எத்தனை நாளா நிக்கிறாங்களோ, பாவம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் சாவி கேட்டார். ஓட்டிப் பார்க்கட்டும் என்று மேலதிகாரி சந்தோஷமாகக் கொடுத்தார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. "வாங்கக்கா, உங்க வயசு அவங்க. கூச்சப்பட மாட்டாங்க" என்றார். முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் யாரும் இல்லை. ஸ்டிரெச்சரில் புது விரிப்பு போட்டிருந்தார்.

நேர்ச்சாலை வந்தது. குழி இன்னும் மூடப்படாமல் கிடந்தது. பொம்மைக்குப் பதினோரு அடி என்றால் நிஜத்தில் நூற்றுப்பத்து. அவர் முந்தின நாள் சாயங்காலமே டேப் பிடித்து அளந்து, ஓரக் கல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார். கோட்டருகில் ஒரு மின்கம்பம், பூட்டிய கடை, கடை வாசலில் காய்ந்த சாக்கு. ஆள் யாரும் இல்லை. பஸ், சைக்கிள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து, "வீட்டுல போய் நிறுத்துய்யா!" என்று திட்டிவிட்டுப் போனான். மெத்தை காதில் வாங்கவில்லை. கதவோரமாகத் தள்ளி நின்று, ஏறுகிறவருக்கு வழி விட்டார்.

நான் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் இருக்கைக்குக் கீழே வண்டி மெதுவாக ஒரு தரம் தாழ்ந்தது. எழும்பவில்லை. அந்த இருக்கையைப் பதினேழு வருஷம் துடைத்திருக்கிறேன், அது வண்டி அமுங்குகிறதா மனசு அமுங்குகிறதா என்று எனக்குத் தெரியாதா? ஆள் ஏறிய வண்டிதான் அப்படி நிற்கும்.

அவர் கதவைச் சாத்தினார், சத்தம் வராமல். வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்தக் குழியை அவர் கடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முன்சக்கரம் இறங்கியதும் தெரியவில்லை, பின்சக்கரம் ஏறியதும் தெரியவில்லை. கண்ணாடியை அவர் பார்க்கவில்லை. நானும் திரும்பவில்லை. பின்னால் கதகதவென்று யாரோ இருப்பது மட்டும் கழுத்தில் தெரிந்தது.

ஆஸ்பத்திரி அவசர வாசலில் நிறுத்தினார். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் சக்கர நாற்காலி தள்ளுகிறவர் வழக்கம்போல ஓடிவந்தார். மெத்தை கதவைத் திறந்து, ஒரு கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வண்டி எழும்பியது.

நாற்காலிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா கேஸு? வெறும் வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு விளையாடறியா?"

"நீங்க உள்ள போங்கண்ணே" என்றார் மெத்தை. "மெதுவாப் போங்க."

நாற்காலிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காலி நாற்காலியைத் திருப்பினார். வாசலின் சாய்தளத்தில் பாதி ஏறியதும் நின்றார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், உதைத்தார்.

"நேத்துதானய்யா எண்ணெய் போட்டேன், என்ன இந்த கனம் கனக்குது?"

பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, தம் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.