கவுச்சியின் முட்டை

கூண்டைத் திறந்து ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, வாலைத் தூக்கி, விரலால் தடவிப் பார்க்கிறாள் ஜமுனா. “இது இன்னிக்கு வெக்கும். இது வெக்காது. இன்னாடி மொறைக்கிற?” என்று கோழிகளோடு பேச்சு வேறு. முட்டை தட்டுப்பட்டவற்றைப் பஞ்சாரக் கூடையில் அடைத்துவிட்டு மற்றவற்றை மேயவிடுகிறாள். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டு வலைக் குவியலில் முட்டையிட்டுவிட்டு வந்து நிற்கும். அப்புறம் அது யார் வீட்டு முட்டை என்று தெருவே கூடிவிடும்.

அந்த விரல்கள் லேசுப்பட்டவை அல்ல. பழவேற்காடு ஏரியில் கழுத்து நனையக் குந்தி நகர்ந்து, பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற விரல்கள். கணவன் சடையனுக்கும் ஏரிதான் பிழைப்பு. புயல், மழை என்று ஏரி கைவிடும் நாட்களில் அரிசி வாங்கித் தருபவை கோழிகள்தாம். மகள் நிவேதாவின் புத்தகப் பையும் மூக்குக் கண்ணாடியும் முட்டையில் வந்தவை. அதனால்தான் பருந்துக்குப் பயந்து கொல்லை முழுக்கக் கிழிந்த வலையை விரித்துக் கட்டியிருக்கிறாள்.

ஆனால் ஜமுனாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது வந்து “முட்டை கீதா?” என்று கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்ல வாய் வராது. மகளுக்கென்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, “அதான் நாளைக்கும் வெக்குமே” என்பாள். நாளைக்கும் யாராவது வருவார்கள்.

பத்தாம் வகுப்போடு நிவேதாவுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையும் முடிந்துபோனது. பிளஸ் ஒன் சேர்ந்த சில மாதங்களில் பிரேயரில் மயங்கி விழுந்தாள். “பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்ல. ஊட்ல இத்தினி கோழி வெச்சிக்கினு இன்னாம்மா பண்ற?” என்று நர்சம்மா கேட்டார். பாவம், ஜமுனா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். யாரைக் குறை சொல்வது? விற்றவள் அவள்தானே.

எப்போதோ செய்த தப்பு ஒன்று அப்போது கைகொடுத்தது. இறால் மலிந்த ஒரு சீசனில், ஆய்ந்த தலைகளையெல்லாம் கோழிகளுக்குக் கொட்டியிருந்தாள். மஞ்சள் கரு செக்கச்செவேலென்று வந்தது. கூடவே கவுச்சி வாடையும் வந்தது. வாங்கினவர்கள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏரிக்காரர் வீட்டுக்கு அதெல்லாம் ஒரு வாடையா? நிவேதாவே தின்று தீர்த்தாள்.

அதை நினைத்துத்தான் ஒரு செவலைக் கோழியை மட்டும் தனியே கட்டி, தினமும் இறால் தலையும் கருவாட்டுத் தூளும் போட ஆரம்பித்தாள். அதற்குப் பெயரே கவுச்சி. அதன் முட்டையை எவரும் வாங்க மாட்டார்கள். “என்னிய நம்ப முடியாதுனுதான் இத்த நம்பிக்கினு கீறேன்” என்று சிரிக்கிறாள். நிவேதாவின் முகத்தில் இப்போது கொஞ்சம் தெளிச்சி தெரிகிறது.

நேற்றுக் காலை ஜைனம்பு வந்தார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டம்மா, நெடுநாள் வாடிக்கை. மகன் சஃப்வான் மறுநாள் துபாய் கிளம்புகிறான். அவனுக்கு நாட்டு முட்டை என்றால் உயிர். ஜமுனா இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்தாள். கூடை நிறைவதற்கும் கவுச்சி கொக்கரிப்பதற்கும் சரியாக இருந்தது.

“அங்க ஒண்ணு வெச்சிருக்கே ராஜாத்தி, அதையும் குடு” என்றார் ஜைனம்பு.

“அது ஒங்களுக்கு ஆவாது பாயம்மா. கவுச்சி அடிக்கும்.”

“மசாலாவுல எல்லாம் அமுங்கிடும். டபுள் வெல தர்றேன், எடு.”

இதை ஜமுனா எதிர்பார்க்கவில்லை. முட்டையை எடுத்து வந்தாள். இன்னும் சூடாக இருந்தது. வாசலடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடையில் தட்டோடு உட்கார்ந்திருந்த நிவேதா அம்மாவின் கையையே பார்த்தாள். அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கை கூடைப் பக்கம் பாதி தூரம் போய்விட்டது. தட்டில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள் பெண்.

ஜமுனா சட்டென்று திரும்பி, அடுப்பு விளிம்பில் முட்டையை ஒரு தட்டுத் தட்டி, கொதிக்கிற கஞ்சியில் ஊற்றினாள்.

“ஐயையோ, ஒடஞ்சிடுச்சே பாயம்மா” என்றாள்.