சமையல்கட்டுக்கு வந்த படை

ஆடிக் கிருத்திகைக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் திருத்தணியில் என் தம்பி வீட்டுக்கு வந்தேன். காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். தம்பி மனைவிக்கோ அப்போது காலில் மாவுக்கட்டு. விருந்தாளிகள் போனார்கள், கட்டும் பிரித்தாயிற்று. நான் மட்டும் போகவில்லை. அம்மையார்குப்பத்தில் என் வீடு பூட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு அங்கே எனக்கென்று தனியாக உலை வைக்க மனசே வரவில்லை.

சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் நான். முதலில் அஞ்சறைப் பெட்டி என் கைக்கு வந்தது. பிறகு இன்றைக்கு என்ன குழம்பு என்பதும் என் இஷ்டம். கடைசியில் பீரோ சாவியும் என் இடுப்பில்.

சாயங்காலம் தம்பி மனைவி கூடத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். ஒருநாள் இரண்டாம் உலகப் போர் முடிந்த கதை. நான் உள்ளே கீரை ஆய்ந்தபடி கேட்டேன். ஜெர்மன்காரனை விரட்ட வந்த ரஷ்யப் படை போலந்து, ஹங்கேரி, ருமேனியா என்று போன இடத்திலெல்லாம் தங்கிவிட்டதாம். முதலில் பல கட்சிகள் சேர்ந்த அரசாங்கம். அதில் கம்யூனிஸ்டுகள் போலீஸ் இலாகாவைக் கேட்டு வாங்கினார்களாம். அப்புறம் மற்றவர்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளி, கடைசியில் அவர்கள் மட்டுமே.

"ஒத்தாசைக்கு வந்தவங்கள எப்டி மிஸ் போவ சொல்றது?" என்றாள் ஒரு பெண்.

"அதாம்மா கஷ்டம்" என்றாள் இவள்.

என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்தும், இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் புடவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.

"பைய எடுத்துகினு எங்க போறீங்க அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

சாவியை அவளிடம் நீட்டி, பாடத்தைக் கேட்டதைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் படைய யாரும் இருங்கன்னு கேக்கல அண்ணி. நான் கேக்கறேன், இருங்க." கொஞ்சம் தயங்கி, "காலைல சமையல் மட்டும் நான் பண்றனே" என்றாள்.

அவள் இத்தனை மாதம் அதைக் கேட்கக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் விடிந்ததும் சமையல்கட்டில் பாத்திரம் உருண்டது. கடுகு கருகும் வாடை வந்தது. கால் பரபரத்தது எனக்கு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எழுந்து போகாமல் படுத்தே கிடந்தேன். அந்த வீட்டுக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.