பிச்சைக்கனியின் கூடை

மலையாளக் கரையில், சாலை என்ற கடைத்தெருவில் பல்வலித் தைலம் விற்ற பிச்சைக்கனிக்கு வாய்தான் முதல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கையை வீசிக்கொண்டு வந்த ஆள். தமிழும் மலையாளமும் கலந்து அவன் பேச ஆரம்பித்தால், சந்தைக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நிற்பார்கள். கேட்டால் சொல்வான்: "கூட்டத்துக்கிட்ட கெஞ்சக் கூடாது, அதட்டவும் கூடாது. கொரலைத் தாழ்த்தணும். காது தன்னால பக்கத்துல வரும்."

பேச்சைவிடப் பெரிய தந்திரம் ஒன்றும் வைத்திருந்தான். மூடிக் கட்டிய பிரம்புக்கூடை. "உள்ள கருநாகமாக்கும், இப்பத் தொறப்பேன்" என்பான். திறப்பானா? தைலம் விற்றதும் கூடையைத் தலையில் வைத்து நடையைக் கட்டிவிடுவான்! மறுநாளும் அதே ஜனம் வந்து வாய் பிளந்து நிற்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அந்த நேரம் பார்த்து, மூட்டை தூக்கும் லிங்கம், வழி தவறி அழுத ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு "இது யாரு பிள்ளை?" என்று கடை கடையாகக் கேட்டு வந்தான். அவ்வளவுதான். "பிள்ளை பிடிக்கிறவன்!" என்று யாரோ ஒருவன் கத்தினான். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்கள். வாழைக்குலைக் கடை ரத்னாபாய், "ஐயோ, நம்ம லிங்கம்டா!" என்று அலறியது யார் காதிலும் விழவில்லை. பாவி ஒருவன் எடைக்கல்லைத் தூக்கிவிட்டான்.

பிச்சைக்கனி கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அடிக்காதே என்று சொன்னால் இன்னும் ஓங்கித்தான் அடிப்பார்கள். கைவண்டி மேல் ஏறி, ஆள் சேர்க்கும் மணியை ஆட்டினான். பக்கத்திலிருந்த நாலு பேர் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னிக்குக் கூடையைத் தொறக்கப் போறேன்."

"எந்தா பறஞ்ஞது?" என்று காதில் விழாமல் கேட்டான் பின்னால் நின்றவன்.

"மிண்டாதிரு! கூடை தொறக்குதான்!" என்று முன்னால் நின்றவன் அவன் வாயை அடைத்தான்.

சத்தம் அடங்கிக்கொண்டே போயிற்று. எடைக்கல்காரனும் கல்லோடு திரும்பினான். பிச்சைக்கனி கயிற்றின் முடிச்சுகளை மெல்ல மெல்ல அவிழ்த்தான். "கொச்சுப் பிள்ளைகளப் பின்னால நிறுத்துங்க... மூச்சு விடாதீங்க..." தலைகளுக்கு மேலாகப் பார்த்தான். ரத்னாபாய் லிங்கத்தின் அக்குளில் கைகொடுத்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் கால்கள் இன்னும் தெருவில் கிடந்தன. இங்கே முடிச்சு ஒன்றுதான் பாக்கி. சீக்கிரம் தாயீ, சீக்கிரம்!

கால்களும் உள்ளே போய், கடைப்பலகை விழுந்து வாசல் மூடியது. பிச்சைக்கனி மூடியைத் திறந்தான்.

உள்ளே பழைய கைலியும், கனத்துக்கு ஒரு செங்கல்லும்.

"எடா கள்ளா!" இத்தனை வருஷத்து ஏமாற்றமும் அவன் முதுகில் விழுந்தது. தைலக் குப்பிகள் நொறுங்கின. அதற்குள் குழந்தையின் தாய் அழுதுகொண்டு ஓடி வந்துவிட்டாள். பிள்ளை "அம்மே" என்று தாவியது. அடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

அதன் பிறகு பிச்சைக்கனி மணியடித்தால் ஈ காக்கைகூட நிற்கவில்லை. மூட்டை தூக்கப் போனான். அடியில் ஒடிந்த கை கூடிய பிறகு லிங்கம் வந்து பக்கத்தில் நின்றான்.

"எனக்காவ உங்க பொழப்பே போச்சே, அண்ணாச்சி."

"பாம்பு போனாப் போகுதுலே," என்று பிச்சைக்கனி மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான். "நீ இருக்கேல்லா?"