ராகுகாலத்தில் ஒரு கடைத் திறப்பு

எப்சி சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "விளம்பர வேலையா? அதுக்கு இங்கன என்ன இருக்கு?" பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்ற அப்பா நேசையாவும் அதையே கேட்டார், கொஞ்சம் மெதுவாக. பி.எட். படித்திருந்தால் இந்நேரம் ஏதாவது மிஷன் பள்ளியில் சேர்ந்திருக்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

சென்னை வேலை மோசமில்லை. சோப்புக்கும் செல்போனுக்கும் வாசகம் எழுதுகிற பெரிய நிறுவனம். ஆனால் அவள் எழுதியதை யார் படித்தார்கள், படித்துவிட்டு என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. விடுதி அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்து ஏசி பெட்டிகளின் முதுகுதான் தெரியும். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தாள். அதற்குள் இங்கே நிலையான வேலை கிடைத்தால் தங்கிவிடலாம். இல்லையென்றால் திரும்பவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தேடிப் பார்த்தால் வேலை இல்லாமலும் இல்லை. மருத்துவமனைகளுக்கு ஊர் ஊராக முகாம் நடத்த ஆள் வேண்டியிருந்தது. ஜவுளிக்கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு பயிற்சி மையத்தில் நேர்காணல்கூட வைத்தார்கள். விளம்பரம் எழுதுவதோடு சாயங்காலம் கணக்குப் பாடமும் எடுக்க முடியுமா என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டாள். கடைசியில் வண்ணார்பேட்டையில் ஜமீலா பீவியின் அலுவலகத்துப் படியேறினாள்.

ஜமீலா மேலப்பாளையத்துக்காரர். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கத் தொடங்கி, நோட்டீஸ், பிளக்ஸ் என்று வளர்ந்து, இப்போது விளம்பர நிறுவனம் என்று பலகை மாட்டியிருந்தார். வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மெட்ராஸ் சம்பளம் வராது. அம்பாசமுத்திரத்துல ஒரு பாத்திரக்கடை தெறக்காவ. அத நீ எடுத்துச் செய்யி. தெறப்பு நல்லபடியா நடந்தா அந்த ஜன்னலோர மேசை ஒனக்கு."

மேசையில் பத்திரிகைக் கட்டுகள் குவிந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. எப்சிக்கு அது போதுமாக இருந்தது.

கடைக்காரர் பெயர் சங்கிலிபூதத்தான், எல்லோருக்கும் அண்ணாச்சி. எப்சி பஸ் ஏறி ஏறிப் போய் வந்தாள். கல்லிடைக்குறிச்சி சாலையில் சுவர்களுக்கு வெள்ளையடித்து எழுத வைத்தாள். மைக் கட்டிய ஆட்டோ வயற்காட்டு ஊர்களையெல்லாம் சுற்றியது. நோட்டீசில் அண்ணாச்சியின் படம் பெரிதாகப் போட்டிருந்தது. கீழே, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறப்பு. பெண்கள் வீட்டு வேலை முடித்து பஸ் பிடித்து வர அதுதான் தோதான நேரம் என்று எப்சியே யோசித்து வைத்தது.

புதன்கிழமை அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"எம்மா, வெள்ளிக்கெழம பதினோரு மணி ராகுகாலம்லா!"

எப்சி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவள் வீட்டுச் சுவரில் தொங்குவது திருச்சபைக் காலண்டர். அதில் அன்றன்றைக்கு ஒரு வேத வசனம் இருக்கும். ஜமீலா வீட்டுக் காலண்டரில் தொழுகை நேரம் இருக்கும். இரண்டிலும் ராகுகாலம் கிடையாது.

ஜமீலா போனை வாங்கினார். "அண்ணாச்சி, அச்சடிக்கதுக்கு முன்னால ஒங்களுக்கு அனுப்பினோம்லா? நல்லாருக்குன்னு சொன்னியளே?"

"போட்டோ நல்லாருக்குன்னு சொன்னேன்."

பின்னாலிருந்து அவர் மனைவி ராஜராஜேஸ்வரியின் குரல் கேட்டது. "மீசையத்தான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாவ. நேரத்த எங்க பாத்தாவ!"

"நேரத்த மாத்திருவோமா?" என்றாள் எப்சி.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப மாத்துனா ஆரம்பமே தடங்கல்னு பேசுவானுவ. மாத்தலைன்னா ஒருத்தரும் ஒரு கரண்டிகூட வாங்க மாட்டாவ. நீங்களே ஒரு வழி சொல்லுங்க தாயி."

ஜமீலா போனை வைத்தார். "நீ வேதக்காரி, நான் மேலப்பாளையத்துக்காரி. ரெண்டு பேருமா சேந்து ராகுவ அம்போன்னு விட்டுட்டோம்."

சிரிக்கத்தான் வந்தது. ஆனாலும் எப்சி அந்த ஜன்னலோர மேசையின் பக்கம் திரும்பவில்லை. பதினோரு மணிக்கு வந்து இறங்கும் பெண்கள், ராகு விலகும்வரை கடை வாசலில் வெயிலில் நிற்பது கண்ணில் தெரிந்தது. எவ்வளவு நேரம் நிற்பார்கள்? அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். நிற்கிறவர்களை உட்கார வைத்தால்?

திரும்பவும் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். "கடையில பெரிய அண்டா எத்தன இருக்கு?"

"அது கெடக்கு ஒரு வரிசை. எதுக்கு?"

"காலையிலேயே நல்ல நேரம் பாத்து வெளக்கேத்தி மொத வியாபாரத்த முடிச்சிருங்க. பெறகு அந்தப் புது அண்டாவுலயே சமைப்போம். வாரவங்கள உக்கார வச்சுச் சாப்பாடு. ராகுகாலம் பந்தியிலேயே கழிஞ்சிரும்."

"அன்னதானமா?"

"இல்ல அண்ணாச்சி. எங்க கோயில்ல வருசத்துக்கு ஒருக்கா அசனம் வைப்போம். எல்லாரும் சேந்து காய் வெட்டி, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவோம். அந்த மாதிரி."

அண்ணாச்சி கையிலிருந்து ராஜராஜேஸ்வரி போனை வாங்கினார். "வைங்க தாயி. கத்தரிக்கா நான் வாங்குதேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையில் விளக்கேற்றினார்கள். முதல் அண்டாவை ஜமீலாவே வாங்கினார். பக்கத்துக் காலிமனையில் பந்தல் போட்டு அடுப்பு மூட்டியாயிற்று. பதினோரு மணி பஸ்ஸில் வந்தவர்கள் சாம்பார் மணத்தில் நின்றார்கள். இரண்டு பெண்கள் கேட்காமலே தேங்காய் துருவ உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார். பந்தியில் ஒரு பெண் அடுப்பின் பக்கம் கைகாட்டிக் கேட்டார்.

"அந்த அண்டா என்ன வெல அண்ணாச்சி?"

"ராகு போகட்டும், சொல்லுதேன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அப்புறம் எதைக் கேட்டாலும், இன்னொரு வடை கேட்டால்கூட, "ராகு போகட்டும்" என்றுதான் பதில் வந்தது. ராகுகாலம் முடிந்து கடைக்குள் நுழைந்த கூட்டத்தில் எப்சி வாசற்படியிலேயே மாட்டிக்கொண்டாள். கையில் குழம்புக் கரண்டியோடு நின்றாள். தான் எழுதிய நோட்டீசைப் படித்து வந்த முகங்களை முதல்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

திரும்பும்போது ஜமீலா பஸ்ஸில் செலவுக் கணக்கை எழுதிக்கொண்டே வந்தார். வண்ணார்பேட்டையில் இறங்கியதும், "திங்கக்கெழம வரும்போது மேசைய நீயே தொடச்சுக்க" என்றார். சென்னைக்கு ராஜினாமாவை எழுதி அனுப்ப எப்சிக்கு வேப்பமர நிழலில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

மேசைக்கு மேலே இப்போது ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அண்ணாச்சி கடையில் கொடுத்தது. மேலே அவருடைய மீசை, கீழே தேதி, நல்ல நேரம், ராகுகாலம். அம்மா அலுவலகத்துக்கு வந்தபோது அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஏட்டி, இது எதுக்கு?" "வேலைக்கும்மா" என்றாள் எப்சி.

போன வாரம் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். புது கல்யாண மண்டபமாம், விளம்பரம் செய்ய வேண்டுமாம். என்றைக்குப் பேச வரலாம் என்று கேட்டார்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, எப்சி எழுந்து மீசைக்குக் கீழே பார்த்தாள்.