பாம்புக்காதின் எண்ணெய்ப் பலகை

நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, முனையை எஞ்சின்மேல் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் எது இருமினாலும் எது முனகினாலும் சொல்லிவிடுவார் என்பதால் அந்த மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் 'பாம்புக்காது' என்றுதான் பெயர்.

கண்ணை மூடுவது இப்போது வெறும் பழக்கம். வலது காது போய் நாலு வருடம் ஆகிறது. இடது காதும் ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைச் சாத்திவிட்டது. காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கம் போனால் தகரக் கொட்டகைக்குள் கல்மழை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒற்றை சிலிண்டர் பைக் என்றால் கையால் தடவியே சமாளித்துவிடுவார். இரண்டு சிலிண்டர், காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரும் இரண்டு என்று வண்டி வந்தால்தான் கை மட்டும் போதாது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று முந்தி இன்னொன்று சோம்பினால் வண்டி நின்ற இடத்திலேயே உதறும்.

"புருஷனும் பொண்டாட்டியும் கட்டில் தூக்குற மாதிரி. ஒருத்தர் வேகமாப் போனா இன்னொருத்தர் கால்ல விழும்" என்பார்.

"நீங்க எந்தக் கட்டிலத் தூக்குனீங்க?" என்பார் மனைவி, சலவைக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

அவருக்குப் பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடும் பிள்ளை. குதிகால் இரண்டும் சுண்டைக்காய் அளவு. எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். மகள் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போக வேண்டும். வீட்டின் முன்னறைதான் பட்டறை, அடுத்த அறையில் தொட்டில். பகலில் தாத்தா பார்த்துக்கொள்வார் என்று பிள்ளை பிறக்கும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

போன வாரம் ஒரு நாள் மகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடிவந்தபோது, அவர் தொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரத்தால் ஏதோ ராவிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமாப்பா அழுவுறா?"

"இப்பத்தாம்மா ஆரம்பிச்சா."

குழந்தையின் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. குரல் கம்மிப் போயிருந்தது. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் சமையலறையில் அவள் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னதை அவர் கேட்கவில்லை, பார்த்தார். உதட்டைப் படிக்கப் பழகிவிட்டிருந்தது. "அடுத்த தெரு குழந்தைக் காப்பகத்துல எடம் கேட்டிருக்கேம்மா."

மறுநாள் காலையில், காதுக்குப் பதில் கண்ணால் சமம் பார்க்க ஒரு பலகை செய்யத் தொடங்கினார். கடைத்தெருப் புகைப்படக்காரரின் இரண்டு சிலிண்டர் வண்டி பத்து நாளாகப் பட்டறையில் கிடந்தது. மீன்தொட்டிக் கடையில் காற்றுக் குழாய் வாங்கினார், கண்ணாடி போல உள்ளே தெரிவது. பழைய அலமாரிப் பலகையில் அதை ஊஞ்சல் கயிறு போல வளைத்து ஆணிகளுக்கு நடுவே பொருத்தினார். பாதிக் குழாய்க்குச் சிவப்பு எண்ணெய். குமிழி போகும்வரை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார். எஞ்சின் இழுக்கும் இழுப்பில் எண்ணெய் துள்ளக்கூடாது. அதற்காக, ஊசி முனை அளவே துளையுள்ள பித்தளைத் திருகுகளான பழைய கார்புரேட்டர் ஜெட்டுகள் இரண்டைக் குழாயின் இரு வாயிலும் செருகினார். அளவு ஒன்றும் குறிக்கவில்லை. அதிகம் இழுக்கும் பக்கம் எண்ணெய் ஏறும்; இரண்டு பக்கமும் சமமா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

முதல் நாள் மானம் போயிற்று. குழாய் வாய்களைக் கார்புரேட்டர்களின் அடியில் மாட்டி வண்டியைக் கிளப்பினார். இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காது இருந்தால் முன்பே சொல்லியிருக்கும். இடது பக்கம் ஒரே இழுப்பில் எண்ணெயைக் குடித்துவிட்டது. வெள்ளைப் புகை தெருவை மூடியது.

"என்னண்ணே, கொசுவுக்கு அடிக்கிறீங்களா?" என்றார் புகைப்படக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மெக்கானிக் குழாயைக் கழற்றினார். பலகையை உயரமாக்கி, குழாயை ஆள் உயரத்துக்கு நீட்டினார். அடுத்த நாள் இரண்டு புகைபோக்கிகளுக்குப் பின்னாலும் பக்கத்துக்கொரு உள்ளங்கையாக வைத்து, வரும் காற்றைப் பார்த்து முதலில் கையாலேயே ஓரளவுக்குச் சமன் செய்தார். அதற்குப் பிறகுதான் பலகை. இடப்பக்கம் எண்ணெய் ஏறியது. திருகாணியை மயிரிழை திருப்பினார். இறங்கியது. இன்னும் ஒரு மயிரிழை. குழாயின் இரு பக்கமும் சிவப்பு ஒரே மட்டத்தில் வந்து நின்றது. இருக்கையின் மேல் வைத்திருந்த தேநீர்க் குவளையில் அலைகூட இல்லை.

"காதுலயே பண்ணுவீங்களே அண்ணே, இது எதுக்கு?" என்றார் வண்டியைப் பார்க்க வந்த புகைப்படக்காரர்.

மகள் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் எஞ்சினை அணைத்தார்.

"கேக்கலப்பா. ஒரு வருஷமாக் கொறஞ்சு, இப்ப ஒண்ணும் கேக்கல."

புகைப்படக்காரர் சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. மெக்கானிக் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் கேக்கலம்மா. பொய் சொல்லிட்டேன்."

அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சமிருந்த குழாயைத் தொட்டிலிலிருந்து சுவரோரமாகப் பட்டறை வரை ஓட்டி ஆணி அடித்தார். எதிலும் சிக்காமல் ஓட அதற்குள்ளே மெல்லிய நூல். ஒரு முனை தொட்டில் கம்பியில், மறுமுனை அவருடைய இடது மணிக்கட்டில். பிள்ளை காலை உதைத்துத் தொட்டில் அசைந்தால் நூல் சுண்டும். எதற்கு என்று யாருக்கும் விளக்கவில்லை.

திங்கட்கிழமை மகள் பையை மாட்டிக்கொண்டு தொட்டிலருகே வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காப்பகத்துக்காகக் கட்டிய துணிப்பை அவள் கையில் இருந்தது. பட்டறையில் அப்பா முதுகைக் காட்டிப் பலகையின்மேல் குனிந்திருந்தார். அவள் தொட்டில் கம்பியில் இருந்த நூலை இரண்டு விரலால் மெதுவாக ஒரு தடவை இழுத்தாள்.

ஸ்குரூடிரைவர் கீழே போனது. சோப்பு, தண்ணீர், துண்டு. கையை முகர்ந்துகொண்டே வந்தவர் முதலில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகுதான் மகளைக் கண்டார்.

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, சதையை அறுத்துக்கொண்டிருந்த நூலை அவிழ்த்து, தன் கைக்குட்டையை மடித்து அடியில் கொடுத்து, மறுபடி கட்டினாள். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.